எதிரே நிற்பவளின் வலது

"மூச்சை உள்ள இழுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மூச்சை வெளியே விட மறந்துபோனாள் இமெல்டா. தரையில் விரித்த எட்டு ரப்பர் மேட்டில் எட்டுப் பேர் மல்லாந்து கிடக்கிறார்கள். சனிக்கிழமை, காலை பத்து மணி, மூன்றாவது மாடி, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மூலையில் உயரமான ஸ்டூலில் முதலாளி அபர்ணா மேம். பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டில் போன், எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு. "வெளிய விடுங்க, விலா ரெண்டு பக்கமும் கதவு சாத்துற மாதிரி உள்ள வரட்டும்." எட்டுப் பேரும் உஸ்ஸென்று விட்டார்கள். இவளுடையது மட்டும் தொண்டையில் நின்றது. ஏட்டி, மூச்சு விடு. மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தே பதினோரு வருஷம் சோறு தின்னவ நீ, மூச்சு விட மறந்து செத்தீன்னா ஊர் சிரிக்கும். விட்டாள். "தலைய லேசா தூக்குங்க, கால் மேல, நூறு ஆரம்பிக்கலாம்." பிலாட்டீஸ் உடற்பயிற்சியில் நூறு என்றால் நூறேதான். தலையும் காலும் அந்தரத்தில் நிற்க, கை இரண்டையும் தண்ணீரில் அடிப்பதுபோல் நூறு தடவை அடிக்க வேண்டும், ஐந்து அடிக்கு மூச்சு உள்ளே, ஐந்து அடிக்கு வெளியே. அடிக்கிற வேலை அவர்களுக்கு, எண்ணுகிற வேலை இவளுக்கு. எண்ணுகிற வாய்க்கும் நினைக்கிற மனசுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது தொழிலுக்கு வந்த முதல் வருஷமே தெரிந்துபோன சங்கதி. வாய் பாட்டுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு. மனசு பாட்டுக்கு அந்தக் கால். வலது கால். வலதுதானே? வலதுதான். மூன்று வாரமாக முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் முழுக்க, பாதத்தின் மேல்பரப்பு வரைக்கும், அது அவளுடையது இல்லை. வலி இல்லை. வலித்தாலாவது தேவலை, வலி ஒரு துணை. இது சும்மா கிடக்கிறது, யாரோ இரவல் கொடுத்த கால் மாதிரி. கீழே அழுத்து என்றால் அழுத்தும். மேலே தூக்கு, விரல்களை உன் முகத்தைப் பார்த்து மடக்கு என்றால் செவிடன் காதில் ஊதிய சங்குதான். முப்பத்தாறு, முப்பத்தேழு. "கழுத்தை விட்டுடுங்க ஸ்வேதா, வயிறு தூக்கட்டும்." நாற்பது.

வேளச்சேரியில் புதுக் கிளை திறக்கப்போகிறார்கள். அதற்குத் தலைமைப் பயிற்சியாளர் வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், இருபத்தாறு வயசு, உடம்பு ரப்பர். ஆனாலும் அபர்ணா மேம் போன மாசம் இவளைக் கூப்பிட்டு, "எனக்கு நீங்கதான் இமெல்டா வேணும்" என்றாள். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. ஒரு கிளாஸ் ரெக்கார்ட் பண்ணி பார்ட்னர்ஸுக்கு அனுப்பணும். அப்புறம் ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட். மெஷின்லாம் இருக்கில்ல, இன்ஷூரன்ஸ்காரங்க கேக்கறாங்க." அன்றைக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. வேடிக்கையைப் பாருங்கள், அந்த வேலை கிடைத்துவிட்டால் உடம்பை வைத்துப் பிழைக்கிற பிழைப்பே முடிந்துபோகும். தலைமை என்றால் நின்றுகொண்டு மற்ற டீச்சர்களைத் திருத்துவதுதான். ஐம்பது வயசிலும் செய்யலாம், அறுபதிலும் செய்யலாம். காலை ஐந்தரைக்கு அடையாறில் ஒரு வீடு, ஏழுக்குக் கோட்டூர்புரம், ஒன்பதுக்கு இங்கே, நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டே தின்கிற ரெண்டு இட்லி, எல்லாம் போய்விடும். உடம்பு தேவைப்படாத வேலைக்குப் போக, ஒரே ஒரு நாள், இன்றைக்கு ஐம்பத்தைந்து நிமிஷம், உடம்பு தேவைப்படுகிறது. இந்த ஒரு நாளைத்தான் கால் பார்த்து வைத்திருந்தது போல. பட்ட காலிலே படும் என்று அம்மா சொல்லுவாள். பட்ட கால்தான் இதுவும். தூத்துக்குடியில் காலேஜ் வாலிபால் டீமில் இமெல்டா என்றால் நெட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் ஒரு அடி பின்னால் போவாள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, செலக்‌ஷனுக்கு மூன்றே நாள். குதித்து இறங்கினாள், முட்டி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். வேலை இன்னொருத்திக்குப் போனது. அவள் இப்போது மதுரையில் சீனியர் கிளார்க், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள். அப்புறம் சென்னை, புரசைவாக்கத்தில் பெண்கள் ஜிம், அங்கே வந்த ஒரு அம்மாள் சொல்லிப் பெங்களூரில் இந்தப் படிப்பு. அம்மாவுக்குப் புரிய வைக்க ஒரு வருஷம் ஆனது. "அது என்ன வேலட்டி? அவங்க படுத்துக் கிடப்பாங்க, நீ நின்னு பாத்துக்கிட்டு இருப்பியா?" ஆமாம்மா, அதுதான் வேலை. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. பாத்துக்கிட்டு இருக்கிற வேலை. யார் தோள் ஏறுகிறது, யார் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது, யார் ராத்திரி அழுதுவிட்டு வந்திருக்கிறாள், யார் பிள்ளையை இடது இடுப்பிலேயே தூக்குகிறாள், கதவைத் திறந்து உள்ளே வரும்போதே சொல்லிவிடுவாள் இமெல்டா. தொண்ணூற்றொன்பது, நூறு. "விடுங்க. சூப்பர்."

இடது இடுப்பு என்றோமே, அதில்தான் இருக்கிறது வம்பு. இந்தத் தொழிலில் டீச்சர் எதிரே நின்று காட்டுவாள். எதிரே நிற்பவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துச் செய்வார்கள். அதனால் இவள் தன் வலது கையைத் தூக்கிக்கொண்டு "இடது கை மேல" என்று சொல்ல வேண்டும். இவளுக்கு வலது, அவர்களுக்கு இடது. முதல் ஆறு மாசம் நாக்கு தடுமாறியது. அப்புறம் பழகிற்று. பழகியதோடு நிற்காமல் முற்றிப்போயிற்று. பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை வலதை இடது என்று சொன்னவளுக்கு, இப்போது யாராவது எதிரே வந்து நின்றால் போதும், நாக்கு தானாகப் புரண்டுவிடும். ஆட்டோவில் பிரச்சினை இல்லை, டிரைவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். ஆனால் கடைக்காரர், பாங்க் கவுண்டரில் இருக்கிற பெண், வளையல் போடுகிற அம்மாள், யார் எதிரே நின்றாலும் போச்சு. "இடது கைல போடுங்க" என்று வலது கையை நீட்டி வளையல்காரியிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். சிரிப்பான விஷயம்தான், டீச்சர்கள் ஒன்றாக டீ குடிக்கும்போது எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற விஷயம். "முட்டியைக் கட்டிக்குங்க, முதுகெலும்பை ஒவ்வொண்ணா மேட்ல வச்சு உருண்டு போங்க." சிரிப்பான விஷயம்தான், அந்தத் திங்கட்கிழமை வரைக்கும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், அந்தச் சின்ன கிளினிக்கில், இருபது பேர் வெளியே காத்திருக்க, டாக்டர் எதிரே உட்கார்ந்து, "எந்தக் கால்ம்மா?" என்று கேட்டார். எதிரே உட்கார்ந்து கேட்டார். "இடது சார்" என்றாள்.

அவர் இடது காலைத் தூக்கித் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டார். சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. ஐயோ, இது இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள் இமெல்டா. சத்தியமாகத் திறந்தாள். "மேல தூக்குங்க, என் கையைத் தள்ளுங்க" என்றார். இடது பாதம் ஜம்மென்று தூக்கியது, அவர் கையையே தள்ளியது. "நல்லாத்தானேம்மா இருக்கு!" அந்தச் சொல்லைக் கேட்டதும் வாய் மூடிக்கொண்டது. நல்லாத்தான் இருக்கு. கால் இப்படியான நாளிலிருந்து முதல் தடவையாக ஒருத்தர், அதுவும் டாக்டர், கால் நல்லா இருக்கு என்கிறார். அவர் பாதத்தைக் கையில் பிடித்தபடியே இன்னொன்றும் சொன்னார்: "உண்மையாவே பாதம் தூக்க வரலைன்னா விளையாட்டு இல்ல, முதுகுல நரம்பு அழுத்துதுன்னு அர்த்தம். நாள் கடத்தினா அந்தப் பாதம் அப்புறம் திரும்பியே வராது. நல்ல வேளை, உங்களுக்கு அப்படி இல்ல." அடுத்த காலுக்குத்தான் கை போனது. போனது, அவர் போன் அடித்தது. பிள்ளையை ஸ்கூலிலிருந்து யார் கூட்டிவருவது என்று சண்டை. சண்டை போட்டுக்கொண்டே, சத்து மாத்திரை எழுதி, அவள் நீட்டிய இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார். வேலைக்குத் தகுதியான உடல்நிலை. அந்தத் தாள் இப்போது வெளியே பையில் இருக்கிறது. இடது காலுக்கு வாங்கிய நல்ல பெயரை வலது கால் போட்டுக்கொண்டு திரிகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதற்கு இலை போட்டுக் கொடுத்தவர் டாக்டர், மறைத்தவள் நீதானே? தவறி வந்த சொல்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் தவறி வந்த சொல்லைத் தெரிந்தே விட்டுவிட்டு எழுந்து வந்தாய் பார், அது தவறி வந்தது இல்லை. நாள் கடத்தினா திரும்பியே வராது. பன்னிரண்டு நாள். வேலை கையில் வந்ததும் போய்க்கலாம். ஒரு வாரம். ரெண்டு வாரம். நரம்பு என்ன ஓடியா போயிடும்? ஓடித்தான் போகுமாம்.

"மேம், இன்னிக்கும் குதிகால்ல நடக்கிறது இல்லையா?" உமையாள் கேட்டாள். பல் டாக்டர், மூன்று வருஷமாக வருகிறாள், எதையும் மறக்காதவள். குதிகாலில் நடப்பது வார்ம் அப். விரல்களைத் தூக்கிக்கொண்டு குதிகாலில் அறையைச் சுற்றி வர வேண்டும். மூன்று வாரமாக அதை எடுத்துவிட்டாள் இமெல்டா. பாதத்தை மடக்குகிற பயிற்சி எது வந்தாலும் எடுத்துவிட்டாள். பாதத்தை நீட்டுகிற பயிற்சிகளாகப் பொறுக்கி ஒரு வகுப்பைக் கட்டியிருந்தாள். தொங்குகிற பாதமும் நீட்டிய பாதமும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான், நுனிவிரல் அழகாக இருக்கிறது என்று போன வாரம் ஒருத்தி பாராட்டியும் விட்டாள். "அது அடுத்த வாரம் உமையாள். இந்த மாசம் நாம வேற தீம்." தீம்! வாய்க்கு வந்தது. உமையாள் தலையாட்டினாள். கண்ணாடியில் அபர்ணா மேம் ஏதோ குறித்துக்கொண்டாள். என்ன குறித்தாள்? எழுந்து நடந்தாள் இமெல்டா, மேட்டுகளுக்கு நடுவே, காலைக் கொஞ்சம் உயர்த்தி உயர்த்தி வைத்து, சேற்றில் நடக்கிறவள் மாதிரி, ஆனால் அது ஸ்டைல் மாதிரியும் தெரிய வேண்டும். ஸ்வேதாவின் முதுகில் கை வைத்தாள். பிள்ளை பெற்று நாலு மாசம். முதுகு சூடாக, ஈரமாக, உள்ளங்கையின் கீழே ஏறி இறங்கியது. "இங்க மூச்சு வரட்டும், என் கைக்குள்ள." வந்தது. எத்தனை முதுகு. ஒரு நாளைக்குப் பதினைந்து என்றால் வாரத்துக்குத் தொண்ணூறு. இந்தக் கை தொடாத முதுகு இந்தப் பேட்டையில் இல்லை. மணப்பாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் சொன்னார்கள். "பிள்ள நல்ல பிள்ளதான், வேலைதான். ஊர்ல உள்ளவன் முதுகெல்லாம் தடவுற வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுரணும்." விடமாட்டேன் என்றாள். இருபத்தேழு வயசுத் திமிர். திமிரா அது? இல்லை, அது மட்டும்தான் தன்னுடையது என்று இருந்தது. அம்மா ஆறு மாசம் பேசவில்லை. பேசியபோது சாப்பிட்டியா என்று கேட்டாள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணி அதையேதான் கேட்கிறாள்.

உன்னை யாரு தொட்டா கடைசியா? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஸ்வேதாவின் முதுகிலிருந்து கையை எடுக்கும்போது வந்தது. பஸ்ஸில் இடிக்கிறவர்களைச் சேர்க்கக் கூடாது. பார்லரில் தலைமுடி வெட்டிய பெண், கழுத்தில் துணி கட்டும்போது, அது வேலை. தையல்காரர் அளவெடுத்தது, அது டேப். ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது அம்மா நெற்றியில் சிலுவை போட்டாள், அது பெருவிரல் மட்டும். அப்புறம் டாக்டர். டாக்டர் ரெண்டு நிமிஷம் பாதத்தைக் கையில் வைத்திருந்தார். ரெண்டு நிமிஷம்! வேறு கால் என்றாலும் நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்தபோது முகம் சுட்டது. சீ, என்ன பிழைப்பு இது, சுத்தியலோடு வந்த கையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு. தனியாக இருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவர்கள் கல்யாணம் என்பார்கள், நாய்க்குட்டி என்பார்கள். பெரம்பூர் வீட்டில் ராத்திரி படுக்கும்போது வலது பாதத்தை இடது பாதத்தால் தடவிப் பார்ப்பாள். இடதுக்கு வலதைத் தெரியும். வலதுக்கு இடதைத் தெரியாது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? "பக்கவாட்டுல திரும்பிப் படுங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் உமையாளின் மேட் விளிம்பை மறந்துபோனாள். பாதம் தூக்கவில்லை. விரல் நுனி விளிம்பில் மாட்டியது. ஒரு கணம் மூன்றாவது மாடி முழுக்கச் சாய்ந்தது. விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் விழுகிற வேகத்திலேயே மண்டியிட்டு உமையாளின் இடுப்பில் கை வைத்து, "இங்க, இந்த எலும்பு கூரையப் பாக்கணும்" என்றாள். வாலிபால் ஆடிய உடம்பு, விழுவதையும் ஆட்டமாக்கத் தெரியும். உமையாள், "ஓ, ஆமா மேம், இப்ப புரியுது" என்றாள். என்ன புரிந்ததோ. எட்டுப் பேர், ஒரு முதலாளி, ஒரு போன், ஒரு சுவர் கண்ணாடி. ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? அழுகை வந்தது.

"இமெல்டா, சைட் கிக் காட்டிடுங்களேன், வீடியோவுக்கு நல்லா இருக்கும்" என்றாள் ஸ்டூலில் இருந்தவள். வந்துவிட்டது. சைட் கிக் என்றால் ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கிற காலை முன்னால் வீச வேண்டும், பாதத்தை மடக்கி. பின்னால் வீச வேண்டும், பாதத்தை நீட்டி. மடக்கி. போர்டில் எழுதி வைத்த மாதிரி எல்லோருக்கும் தெரியும். "ஷுர் மேம்." வலது பக்கமாகப் படுத்தாள். வலது கால் கீழே, தரையில், ஒளிந்து. இடது கால் மேலே. மடக்கி, வீசி, நீட்டி. இடது, என் ராஜா, டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கியவனே, ஆடு. ஆடியது. "பாருங்க, இடுப்பு அசையல. முன்னால ரெண்டு மூச்சு, பின்னால ஒரு நீளமான மூச்சு." குரல் தேனாக வந்தது. தன் குரலைத் தானே கேட்டாள். யாரோ ஒரு நல்ல டீச்சர் பேசுகிறாள், எந்தக் கவலையும் இல்லாதவள், மாலையில் வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க ஆள் இருக்கிறவள். பத்து வீச்சு முடிந்தது. இனி மறுபக்கம். மறுபக்கம் என்றால் வலது கால் மேலே. எழுந்துவிட்டாள். "மறுபக்கம் நீங்களே. நான் வந்து பாக்குறேன். நல்ல டீச்சர் உடம்பால சொல்ல மாட்டா, வாயாலதான் சொல்லுவா" என்றாள். அந்த நிமிஷத்தில் இட்டுக்கட்டியது. ஸ்டூலில் அபர்ணா மேம் நிமிர்ந்து உட்கார்ந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அதற்கப்புறம் மிச்ச வகுப்பு முழுக்க வாய்தான். எட்டுப் பேரையும் சொல்லாலேயே உருட்டினாள், தூக்கினாள், மடக்கினாள். நுனிவிரலைத் தொடுகிற மாதிரி கை நீட்டி, காலும் முதுகும் அந்தரத்தில் நிற்க உட்கார வேண்டிய பயிற்சியில் இவள் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை, ஆனால் முதல் தடவையாக ஸ்வேதா அதில் உட்கார்ந்துவிட்டாள், பிள்ளை பெற்று நாலே மாசமான வயிற்றோடு. உட்கார்ந்தவள் சந்தோஷத்தில் கூவினாள். பதினோரு வருஷத்தில் இமெல்டா எடுத்த வகுப்புகளிலேயே சிறந்தது இதுதான், அதில் சந்தேகமே இல்லை. இதைச் சொல்லவும் ஆளில்லை.

"கண்ணை மூடிக்குங்க. பாதம் ரெண்டும் தானா விரியட்டும். உங்க உடம்புல எந்த இடம் இன்னும் தூங்காம இருக்குன்னு பாருங்க, அந்த இடத்துக்கு மூச்சை அனுப்புங்க." எட்டுப் பேரும் பிரேதம் மாதிரி கிடந்தார்கள். கீழே தெருவில் கேஸ் சிலிண்டர் வண்டிக்காரர் தட்டிக்கொண்டு போகிறார். இவளும் கண்ணை மூடினாள், நின்றபடியே. மூச்சை அனுப்பிப் பார்த்தாள். இடுப்பு வரைக்கும் போனது, தொடை, முட்டி, அதற்குக் கீழே சாலை துண்டித்த ஊர். அங்கே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாள். பதில் இல்லை. கண்ணைத் திறந்து "நன்றி, நல்லா செஞ்சீங்க" என்றாள். எழுந்தார்கள், மேட்டைச் சுருட்டினார்கள், உமையாள் இவள் தோளைத் தொடாமல் பக்கத்துக் காற்றைத் தட்டிவிட்டுப் போனாள். அபர்ணா மேம் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தாள். "பிரமாதம் இமெல்டா! அந்த 'வாயாலதான் சொல்லுவா'ன்னது, அதை அப்படியே போஸ்டர்ல போடப்போறேன். வேளச்சேரி உங்களுதுன்னு வச்சுக்கோங்க. அந்த சர்டிஃபிகேட் மட்டும் குடுத்துடுங்க, இப்பவே அனுப்பிடறேன்." "வெளிய பையில இருக்கு மேம், எடுத்துட்டு வாரேன்." வேளச்சேரி உங்களுது. உள்ளே ஏதாவது துள்ளும் என்று காத்திருந்தாள். துள்ளவில்லை. சரி, பஸ்ஸில் துள்ளும், வீட்டில் துள்ளும், மெதுவாகத் துள்ளட்டும்.

வெளியே வராந்தாவில் செருப்பு ஸ்டாண்டும் ஒரு பெஞ்சும். செருப்பு போட்டுக்கொண்டு யாரும் உள்ளே வரக்கூடாது என்பது இங்கே சட்டம். அந்தச் செருப்புகளை அடுக்கி, மேட் துடைத்து, தரை மெழுகுகிறவர் தனபாக்கியம். நாற்பத்திரண்டு வயசிருக்கும், வந்து ஒரு வருஷம் ஆகிறது. குட்மார்னிங் மிஸ், வரேன் மிஸ், இதற்குமேல் இருவரும் பேசிக்கொண்டதில்லை. இன்றைக்கு தனபாக்கியம் ஈர மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இவளுக்காகவே நிற்பது தெரிந்தது. பெஞ்சின்மேல் இமெல்டாவின் செருப்பு ஜோடி, அடிப்பக்கம் மேலே தெரியக் கவிழ்த்து வைத்திருந்தது.

"மிஸ்ஸு, தப்பா நினைச்சுக்காத. இத்த கொஞ்சம் பாரு."

பார்த்தாள். ஒரு செருப்பின் அடி கிட்டத்தட்டப் புதுசு, கட்டம் கட்டமாக அச்சு அழியாமல். இன்னொன்றின் மூக்கு மட்டும் தேய்ந்து, உள்ளே இருக்கிற வெள்ளை ரப்பர் பல்லிளித்தது.

"இருவது நாளா பாத்துனு கீறேன். தெனம் தேயுது. எங்க வூட்டுக்காரு மார்க்கெட்ல மூட்ட தூக்கினு இருந்தாரு, அவருக்கும் முதல்ல செருப்புதான் தேஞ்சுது. சாராயம் போட்டு இழுக்கறாருன்னு நானே திட்டினேன். அப்பறம் பாதம் தொங்கியே பூட்சு, டாக்டரு லேட்டுன்ட்டாரு." எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு எந்தக் காலு மிஸ்ஸு?"

"இட..." என்றது நாக்கு.

தனபாக்கியம் மூக்கு தேய்ந்த வலது செருப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது இருவர் முகமும் ஒரே பக்கம், ஒரே வெள்ளைச் சுவரைப் பார்த்து. யாரும் எதிரே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எது வலதோ அதுவே இவளுக்கும் வலது. எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து. பஸ்ஸில்கூட ஜன்னல் பார்க்கிறவர்கள்தான். நாக்கில் ஏதோ அவிழ்ந்தது.

"வலதுதான்க்கா," என்றாள் இமெல்டா. "வலது. மூணு வாரமா. டாக்டர்ட்ட பொய் சொல்லிட்டேன்."

"அந்தக் கால தூக்கு."

கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. தனபாக்கியமே குனிந்து அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மாப் பிழிந்த கை, ஈரமும் பினாயில் வாசனையுமாக இருந்த கை, கணுக்காலிலிருந்து விரல்வரைக்கும் மெதுவாக இறங்கியது. போன வழியெல்லாம் ஈரக்கோடு பளபளத்தது. அதைக் கண்ணால் பார்த்தாள் இமெல்டா. கட்டை விரல் அழுத்துகிறது, தோல் குழிகிறது, குழி மெல்ல நிறைகிறது. எல்லாம் தெரிகிறது, கண்ணுக்கு. யாரும் கேட்காமல், வேலை என்று இல்லாமல், தானாக ஒரு கை வந்திருக்கிறது. வந்த கை போய் உட்கார்ந்த இடத்தைப் பார்.

"தெரியுதா மிஸ்ஸு?"

கதவு திறந்தது. "இமெல்டா, அந்தப் பேப்பர்..." என்று வந்த அபர்ணா மேம் அப்படியே நின்றாள். பெஞ்சில் இருக்கும் பையைப் பார்த்தாள், மடியில் இருக்கும் காலைப் பார்த்தாள்.

இமெல்டா பையைத் திறக்கவில்லை.

"தெரியலக்கா," என்றாள், மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஒண்ணுமே தெரியல. ஆனா கைய எடுத்துராதீங்க."